ஆர்ட்டின் ஏழும் அக்காவின் தையல் மெஷினும்

சீட்டாட்டத்தில் தோற்றவனிடம் காரணம் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பான். கலைத்துப் போட்டவன் கை சரியில்லை என்பான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான் என்பான். ஜோக்கரே வரவில்லை என்பான். கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ஜெயிக்க வேண்டிய சீட்டு மொத்தமும் கையில் சேர்ந்த பிறகு, அதில் ஒன்றைத் தானே உருவி எதிராளிக்குத் தூக்கிப் போட்டுத் தோற்றவன், எனக்குத் தெரிந்து இந்த ஊரில் ஒரே ஆள்தான். சவரம் செய்துகொள்ளும்போது தினமும் கண்ணாடியில் அவனைப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் அக்கா ருக்குமணி வீட்டில் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர் துளசிராமன் மாமா தறியில் உட்காருவார். நான் அதே தறியில் அவருக்கு வலது ஓரமாக உட்கார்ந்து கரை போடுவேன். அக்கா ராட்டையில் நூல் சுற்றுவாள். மாதத்தில் அமாவாசை அன்று மட்டும் தறிக்கு லீவு. எங்கள் தெருவில் அமாவாசை என்றால் காலையில் முன்னோர்களுக்குப் படையல், மத்தியானம் மன்றத்தில் ரம்மி. (இரண்டையும் ஒரே பக்தியோடு செய்தோம்.)

மன்றம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு கூடம், இரண்டு பெஞ்சு, கிழிந்த பாய்கள், சுவரில் பாயிண்டு எழுத ஒரு கரும்பலகை. ஜன்னலுக்கு வெளியே தெருக்குழாய். காசு வைத்து ஆடக் கூடாது என்பது சட்டம். அந்த வருஷம் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு பட்டுக்கடை முதலாளி பரிசுப் பொருள் ஒன்று கொடுத்தனுப்பினார். கையால் சுற்றித் தைக்கிற தையல் மெஷின். கறுப்பு உடம்பில் தங்கப் பூ போட்டு, மரப்பெட்டி மூடியோடு, மணப்பெண் மாதிரி வந்து பெஞ்சின் மேல் உட்கார்ந்தது. ரம்மிப் போட்டி வைப்பது, கடைசி வரை நிற்கிறவனுக்கு மெஷின் என்று முடிவாயிற்று.

அக்கா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பார்த்த நிமிஷமே அது அவளுடையதாகிவிட்டது.

அவளுக்குத் தையல் தெரியும். மாதர் சங்கத்தில் கொஞ்ச நாள் வகுப்பு நடந்தபோது கற்றுக்கொண்டாள். வகுப்பு நின்றது, மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கற்ற வித்தை மட்டும் கையில் நின்றது. அன்று ராட்டை சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"தறி உங்க மாமாவுது. நூலு மொதலாளிது. நான் சுத்திக்கினே கெடக்கறேன், எனக்குன்னு இன்னாடா இருக்குது? அந்த மெஷினு வந்துதுன்னா அது என் கைவேலை. நான் தச்சேன்னு நாலு பேரு சொல்லுவாங்க."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "கவலைப்படாதக்கா, மெஷினு நம்மளுது" என்றேன். (அந்த வயதில் வாய்க்குப் பூட்டு கிடையாது.)

அக்கா அதை நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. தெருவில் இருந்த பாதி வீடுகளில் ரவிக்கைத் துணி வாங்கி, அளவெடுத்து, துணியின் மூலையில் அடையாள நூல் கட்டி மூட்டையாக வைத்துவிட்டாள். போட்டி இன்னும் தொடங்கவே இல்லை.

எங்கள் வீட்டில் போட்டிக்குப் போனது இரண்டு பேர். மாமா முதல் சுற்றிலேயே வெளியே வந்தார். அவருக்கு ஒரே ஒரு ஜோக்கர் வந்தால் போதும், வரதராஜப் பெருமாளே நேரில் வந்து கையில் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து எதையும் ஆடிவிடுவார். அதனால் குடும்பத்தின் மானமும் மெஷினும் என் தலையில் விழுந்தன.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. அவற்றை வரிசையாகவும் இனமாகவும் முதலில் சேர்த்தவன் மிச்சச் சீட்டை நடுவில் கவிழ்த்து "டிக்" அடிப்பான். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கிற சீட்டுகள் அவர்கள் தலையில் பாயிண்டாக ஏறும். நூற்றியொன்றைத் தொட்டவன் வெளியே. சீட்டு பிடிக்கவில்லையென்றால் ஆடாமலே கீழே வைத்துவிடலாம். அதற்கு ஸ்கூட் என்று பெயர். இருபது பாயிண்டு தண்டம். எண்பதைத் தாண்டியவன் ஸ்கூட் விட்டாலும் செத்தான். அதனால் எந்தக் குப்பைச் சீட்டு வந்தாலும் அவன் ஆடியே ஆக வேண்டும். அவனைக் கம்பல்சரி என்பார்கள்.

இந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது, நானே மெச்சிக்கொண்டது. போட்டிக்கு முன்னால் ஒரு வாரம் டீக்கடையில் அதை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல கையில இருக்கற சீட்டைப் பாக்காதீங்கபா. செவுத்துல இருக்கற பலகையைப் பாருங்க. எவன் கம்பல்சரி, எவனுக்கு ஸ்கூட் பாக்கி இருக்குது, அதான் கணக்கு. கம்பல்சரி ஆனவன் எப்டியும் ஆடணும். அவனோட இன்னொருத்தன் மோதுவான். ரெண்டுல ஒண்ணு சாவும். நாம ஸ்கூட் உட்டுட்டு ஓரமா உக்காந்துகினு இருக்கணும். கடைசி நேரத்துல ஆடறவன் ஏமாளி. ஆடாதவன் ஜெயிப்பான்."

ஜரிகைக்கடைக் காதர் பாய் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "வரதா, உன் ரோசனைப்படி பாத்தா சீட்டே இல்லாம ஆடலாம் போலக்குதே?"

"ஆடலாம் பாய்."

"அப்ப எதுக்குபா கட்டு ரெண்டு வாங்கறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பிறகு தெரியும் என்று டீயைக் குடித்தேன்.

ஆனால் ஒன்று. என் சித்தாந்தம் வேலை செய்தது. அதுதான் வினை. அமாவாசை மத்தியானம் போட்டியின் கடைசிப் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் பாதி ஆட்டங்களில் சீட்டைக் கையில் வாங்குவதும் கீழே வைப்பதுமாகவே இருந்தேன். அரைகுறைச் சீட்டை நம்பி ஆடியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் மூன்று பேர். காதர் பாய், தென்னேரி பஸ்ஸின் கண்டக்டர் பலராமன், நான். பலகையில் என் பெயருக்கு நேரேதான் பாயிண்டு குறைச்சல். பாய் கம்பல்சரி.

மன்றத்துச் செயலாளர் கோவிந்தசாமி, நாங்கள் விரித்திருந்த பாயின் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிரம்பு வைத்திருக்கவில்லையே தவிர, பார்வை பிரம்புதான். "வேடிக்கை பாக்கறவங்க வாயைத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்தாலும் அந்தக் கட்சி அவுட்டு" என்று முன்னாலேயே அறிவித்திருந்தார். மாமா என் முதுகுக்குப் பின்னால், வாய் நிறைய வெற்றிலையோடு நின்றிருந்தார்.

அடுத்த ஆட்டம் போட்டார்கள். நான் வழக்கம்போல ஸ்கூட். ஜன்னலில் குடத்தோடு அக்கா.

"டேய் வரதா! வாங்கறதும் வெக்கறதுமா இருக்கற? ஆடறதுக்குத்தானேடா போன?"

கோவிந்தசாமி திரும்பினார். "இந்தாம்மா, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்குது."

"உள்ள இருக்கறவங்களுக்குத்தானே சொன்னீங்க? நான் குழாயாண்ட நிக்கறேன். தெருவும் மன்றத்துதா?"

சட்டம் ஜன்னல் வரைக்கும்தான். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டார்.

நான் சொன்னபடியே நடந்தது. பாயும் பலராமனும் மோதினார்கள், பலராமன் டிக் அடித்தார், பாய் வெளியே. எழுந்து போகும்போது பாய் என் தோளைத் தட்டி, "ஒத்துக்கறேன்பா, நீ ஆடாமலே என்னைத் தொரத்திட்ட" என்றார். எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது. போட்டிருந்தது பனியன்.

அடுத்த சீட்டு வந்தது. மோசமில்லை, ரம்மி என்கிற ஜோக்கரில்லாத வரிசை ஒன்று சேர்ந்தே வந்திருந்தது. ஆனால் நான் சீட்டையா பார்ப்பேன்? பலகையைப் பார்த்தேன். பலராமன் கம்பல்சரியாக ஆவதற்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சரி, அவர் ஆடட்டும், நாம் ஓரமாக இருப்போம் என்று கம்பீரமாகச் சீட்டைக் கவிழ்த்தேன். "ஸ்கூட்."

பலராமன் தலையைச் சொறிந்தார்.

"சரிபா, நீ ஓரமா உக்காந்துக்க. நான் இப்ப எவனோட மோதறது?"

அப்போதுதான் உறைத்தது. மிச்சம் இருப்பதே இரண்டு பேர். ஓரமாக உட்கார ஓரமே இல்லை. என் சித்தாந்தத்துக்கு மூன்று பேர் வேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. கூடம் முழுக்கச் சிரிப்பு. காதர் பாய் சிரித்ததில், நான் அவரைத் துரத்திய கடன் முழுவதும் தீர்ந்திருக்கும். அந்த ஸ்கூட்டினால் நான் எண்பத்திரண்டுக்கு வந்து கம்பல்சரி ஆனேன். ஜன்னலிலிருந்து, "ஆடுடா, பாவி" என்று மட்டும் கேட்டது. அதில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அந்த மூட்டை நிறைய ரவிக்கைத் துணிகள் என் கண்முன் வந்து நின்றன.

அடுத்ததில் பலராமனுக்குச் சீட்டு குப்பை. அவர் ஸ்கூட் விட்டு, அவரும் எண்பதைத் தாண்டினார். இப்போது இருவருமே கம்பல்சரி. ஒளிய இடம் யாருக்கும் இல்லை. இந்த ஆட்டத்தில் யார் முதலில் டிக் அடிக்கிறாரோ மெஷின் அநேகமாக அவருக்கு. என் சித்தாந்தம் எல்லாம் முடிந்து, கடைசியில் சீட்டைப் பார்க்க வேண்டிய நேரம் வந்தது.

பார்த்தேன். அழகான சீட்டு. ரம்மி சேர்ந்திருந்தது, ஜோக்கர் வைத்து இன்னொரு வரிசையும் சேர்ந்திருந்தது, மூன்று ராணிகள் ஒன்றாக நின்றார்கள். சிவப்பு இதயம் போட்ட ஆர்ட்டினில் எட்டும் ஒன்பதும் மட்டும் துணைக்கு ஆள் இல்லாமல் நின்றன. கூட ஒரு கிளாவர் ராஜா, வேண்டாத விருந்தாளி. ஏழோ பத்தோ வந்தால் போதும், கதை முடிந்தது.

இழுத்தேன், வரவில்லை. பலராமன் இழுத்தார், உதட்டைப் பிதுக்கினார். மறுபடி இழுத்தேன், வரவில்லை. என் விரல்கள் பிசுபிசுத்தன. பனியனில் துடைத்துக்கொண்டு கட்டின் மேல் சீட்டை எடுத்துத் திருப்பினேன்.

ஆர்ட்டின் ஏழு.

இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். ராஜாவைக் கவிழ்த்து நடுவில் வைத்து, டிக் என்று சொல்ல வேண்டும். ஒரு மூச்சில் செய்துவிடலாம். எந்தப் புத்திசாலியும் செய்திருப்பான். ஆனால் நான் அந்த ஏழை வலது கை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு ரசித்தேன். ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேன். பலராமனைப் பார்த்துச் சிரித்தேன். டீக்கடையில் இதை எப்படிச் சொல்லுவது என்று யோசித்தேன்.

பின்னால் மாமா கனைத்தார். "ம்க்கும்."

இங்கே எங்கள் தறியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பிணைத்துக்கொண்டு வர வேண்டும், அதனால் இரண்டு ஆள். மாமா உடல் நூலை நாடாவில், அதாவது நூல் சுற்றிய கட்டையில், என் பக்கம் அனுப்புவார். அதை நான் கரை நூலோடு கோத்துவிட்டுக் காத்திருப்பேன். திருப்பிப் போடு என்று அவர் சொல்ல வேண்டும். ஆனால் மாமா வாயில் எந்நேரமும் வெற்றிலை. வாயைத் திறந்தால் பட்டின் மேல் தெறிக்கும். அதனால் "போடு" என்பதற்குப் பதிலாக ஒரு கனைப்பு. ம்க்கும் என்றால் என் வலது கையிலிருந்து நாடா இடது பக்கம் பறக்கும். ஒரு நாளில் எத்தனை முறை, வருஷத்தில் எத்தனை முறை என்று நான் எண்ணியதில்லை. என் காதும் கையும் அதற்குள் என்னைக் கேட்பதையே நிறுத்தியிருந்தன.

ம்க்கும் என்றார். கை போட்டுவிட்டது.

ஆர்ட்டின் ஏழு இடது பக்கமாகப் பறந்தது. நாடா போகிற அதே வேகம், அதே சாய்மானம். பாயின் மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் பலராமனின் முட்டியில் மோதி, முகம் மேலே தெரிய நின்றது. சேலையாக இருந்திருந்தால் ஒரு பிசிறு இருந்திருக்காது.

பலராமன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"எனக்காபா?"

"இல்ல... கை..." என்றேன்.

கோவிந்தசாமி எழுந்து நின்றார். "கையை உட்டுப் போன சீட்டு போனதுதான்."

பலராமனுக்கும் அதே ஏழுதான் வேண்டியிருந்ததாம். ஐந்து, ஆறு வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் அதற்காகத்தான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எடுத்துச் சொருகினார். டிக். என் கையில் எட்டு, ஒன்பது, பத்துக்கு எண்ணுகிற ஒரு ராஜா. எண்பத்திரண்டோடு கூட்டிப் பாருங்கள், நான் எப்போதோ கூட்டிவிட்டேன்.

வெளியே குடம் நிரம்பித் தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. யாரும் குழாயை மூடவில்லை. அக்கா கேட்டாள், சத்தம் போடாமல்:

"எதுக்குடா போட்ட?"

உண்மையைத்தான் சொன்னேன். "மாமா கனைச்சாரு."

கூடத்தில் அத்தனை பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையையும் விரித்தார். "யோவ், பாக்கு மாட்டிக்கிச்சுயா! மனுசன் தொண்டையில பாக்கு மாட்டக் கூடாதா?" (பிறகு ஒரு முறை வேறு மாதிரி சொன்னார்: நான் இளித்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதைப் பார்த்து, சீக்கிரம் அடிடா என்று சொல்ல வந்தாராம். இன்னொரு முறை மறுபடி பாக்கு. இதுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.)

பலராமன் நல்ல மனிதர். ஜன்னலுக்குப் போய், "அக்கா, என் தங்கச்சிக்குக் குடுக்கலாம்னு இருக்கேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அக்கா, "நீ இன்னா பண்ணுவ தம்பி, வந்து உழுந்தா எடுக்காம இருப்பியா?" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் மெஷின் தென்னேரி பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல் ஊருக்குப் போயிற்று.

துணிகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மாமா சொன்னார். அக்கா ஒப்பவில்லை.

"ஒரு தபா திருப்பிக் குடுத்தா, அப்பால எவளும் என்னை நம்பிக் குடுக்க மாட்டா. கையாலயே தைக்கறேன்." என் பக்கம் திரும்பினாள். "நீயும்தான்."

அத்தனை ரவிக்கைகளையும் அவள் ஊசியால் தைத்தாள். கொக்கி வைக்கிற வேலை என்னுடையது. தறியை விட்டு எழுந்ததும் வாசலில் வெளிச்சம் இருக்கிற வரை உட்கார்ந்து, அந்தத் தெருவின் அத்தனை ரவிக்கைகளுக்கும் கொக்கி தைத்தேன். தண்ணீருக்குப் போகிற பெண்கள் நின்று, "என்னுது கெட்டியா வெய்யிபா, கைதவறி எதுத்த வீட்டுக்காரிக்குப் போட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் நாளே உள்ளேயிருந்து மாமா ஒரு முறை கனைத்ததில் ஊசி தெருவுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் தைக்கும்போது வீட்டுக்குள் வெற்றிலைக்குத் தடை. மாமா அக்காவை எதிர்த்துப் பேசியதே அந்த ஒரு விஷயத்தில்தான், அதிலும் தோற்றார்.

தைத்துத் தைத்து அக்காவின் கைக்குப் பெயர் வந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து செவிலிமேடு வரைக்கும் துணி வந்தது. தையலில் வந்ததைச் சேர்த்து அவளே ஒரு மெஷின் வாங்கினாள். காலால் மிதிக்கிறது, போட்டியில் வந்ததைவிடப் பெரியது. அது வீட்டுக்கு வந்த அன்று எனக்கு விடுதலை என்று நினைத்து ஊசியை அவளிடம் நீட்டினேன்.

"வெச்சுக்க. மெஷினு கொக்கி தைக்காதுடா" என்றாள்.

இன்றைக்கும் தைக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் வகையறாவில் எந்த ரவிக்கையானாலும் கொக்கிக்கு என்னிடம்தான் வருகிறது. விலை உயர்ந்த பொருள் எதையும் என் கையில் யாரும் நிம்மதியாகக் கொடுப்பதில்லை. கைக்குழந்தையைக் கொடுத்தால்கூட ஓரத்தில் எவனாவது ஒருவன் மெதுவாகத் தொண்டையைச் செருமுவான். தாய்க்காரி ஓடி வருவாள்.

போன மாதம் அக்கா பேரனுக்குக் கல்யாணம். தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு ஒவ்வொருவராகத் தொட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்து தட்டு கையில் ஏறியது. முன்வரிசையில் மாமா. வெற்றிலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது, மெல்லுவதற்குப் பல்லும் இல்லை. அவர்தான் ஆரம்பித்தார்.

"ம்க்கும்."

அவ்வளவுதான். இரண்டு வரிசை ஆட்கள், சின்னதும் பெரிசுமாக, ஒன்று சேர்ந்து கனைத்தார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன, எல்லாருக்குமா தொண்டை கட்டிண்டிருக்கு?"

அக்கா எழுந்து வந்து தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்ல சாமி, நீங்க ஓதுங்க. இது எங்க வீட்டு வழக்கம்."